வந்தவர்களும் போனவர்களும்
- நம் வட்டார வள மையங்களின் கதை -

மலர்க் குழுவினர் இம்முறை என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. நான் பொறியாளன், வரலாறு என் பாடமல்ல. ஆனாலும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சங்கத்தின் சார்பில் சேலம், நாமக்கல் கிராமப் பள்ளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நம் உறுப்பினர்கள் பலர் பேசி வருகிறார்கள். எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று யாரைக் கேட்பது என்ற கேள்வி வந்தபோது, "வட்டார வள மையத்தைக் கேளுங்க" என்று நான் சொன்னேன். "அது என்னங்க, உரம் கொடுக்கற இடமா?" என்று ஒரு மூத்த அண்ணன் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அவரைப் போன்றவர்களுக்காகவும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பார்த்துக் குறை எழுதிப் போக வருகிறவர். இன்னொருவர் கூட உட்கார்ந்து உதவி செய்ய வருகிறவர். முதலாமவருக்கு நம் நாட்டில் 170 வருடச் சரித்திரம் இருக்கிறது. இரண்டாமவருக்கு அவ்வளவு இல்லை. இருக்கிற கொஞ்சமும் யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், யாருக்குச் சம்பளம் வரவில்லை என்ற செய்திகளாகவே இருக்கிறது.

1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1855இல் சென்னை மாகாணத்தில் பொதுக் கல்வித்துறை ஏற்பட்டது. அலெக்ஸாண்டர் அர்பத்னாட் முதல் இயக்குநர். அவருக்குக் கீழே ஆய்வாளர்கள், துணை ஆய்வாளர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவர்கள் கையில் ஒரு பெரிய ஆயுதம் இருந்தது. பிள்ளைகளை அவர்களே பரீட்சை செய்வார்கள். தேறிய பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். இது இங்கிலாந்தில் 1862இல் வந்த ஏற்பாட்டின் நகல். அந்த ஊரிலேயே இதைக் கடுமையாக எதிர்த்த ஓர் ஆய்வாளர் உண்டு. அவர்தான் கவிஞர் மாத்யூ ஆர்னால்ட். 35 வருடம் பள்ளி ஆய்வாளராகவே காலம் தள்ளியவர். மானியத்துக்காகப் படிப்பு என்று ஆனால் பிள்ளை படிக்காது, உருப்போடும் என்பது அவர் கட்சி. இது நமக்கும் நன்றாகப் புரியும். கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் அடுத்தபடி மார்க்குக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் அல்லவா நாம்!

எங்க அப்பாரு ராசிபுரம் பக்கத்தில் ஜில்லா போர்டு பள்ளியில் நாலு வகுப்பு படித்தவர். "இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா வாத்தியாருக்கே காய்ச்சல் வந்துரும் கண்ணு" என்பார். அன்றைக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணி மெழுக்கு, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்த தலை. வந்தவர் என்ன சொல்லிக் கொடுத்துப் போனார் என்று கேட்டால் அப்பாருக்கு ஞாபகமில்லை. வண்டியில் வந்தார், வண்டியில் போனார் என்பது மட்டும் ஞாபகமிருந்தது.

நம் மாவட்டத்துக்காரர்கள் கல்வியில் மேல் நாற்காலியில் உட்காராமல் இல்லை. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலத்து டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதல் மந்திரி. 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் கல்வி இலாகாவையும் பார்த்தவர். ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1953இல் அவர் கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டமும், அதற்கு எழுந்த எதிர்ப்பும், 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை மேலும் விரிக்கவில்லை.

நம் கதைக்கு முக்கியமானவர் வேறொருவர். 1954இல் பொதுக் கல்வி இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டம் 1956இல் வந்ததில் இவர் பங்கை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி இன்றைக்குப் பேசுவார் இல்லை. கல்வி அதிகாரிகளை ஊருக்கு அனுப்பி, பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போடச் சொன்னார். ஊர்க்காரர்களைக் கூட்டி அந்தப் பட்டியலைப் படிக்கச் சொன்னார். ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் நிலம் என்று கொடுத்தார்கள். குறை எழுதிக்கொண்டு போகிற அதே அதிகாரி, முதல் தடவையாகக் குறையை நிவர்த்தி செய்ய ஊரில் உட்கார்ந்தார். என் பார்வையில் ஆய்வாளர் என்ற பதவி உதவியாளர் என்ற பதவிக்கு மிக அருகில் வந்த காலம் அதுதான். அதுவும் ஒரு மனிதரின் உந்துதலால் நடந்தது. அவர் போனபின் வேகம் குறைந்தது.

பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்து ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. ஆசிரியர் மாற்றல் ஒன்றிய அரசியலோடு கலந்தது. 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஒன்றியத்துக்கு ஓர் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற ஏற்பாடு நிலைத்தது. சம்பளப் பட்டியல், விடுப்பு, சர்வீஸ் புக், ஆய்வு எல்லாம் அவர் தலையில். இத்தனையும் பார்க்கிற மனிதரிடம் "மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று ஓர் ஆசிரியர் கேட்க முடியுமா? கேட்டால் அது அவருடைய குறையாகப் பதிவாகும் என்ற பயம். இந்தப் பயம் நியாயமானதுதான்.

இந்த இடத்தில்தான் தனியாக ஓர் உதவி அமைப்பு தேவை என்ற எண்ணம் வருகிறது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1948லேயே சிறு பள்ளி மாவட்டங்களுக்கென்று கூட்டுச் சேவை அமைப்புகளை ஏற்படுத்தியது. நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் மாவட்ட அளவில் ஏற்பாடு வந்தது. அதுதான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். சேலத்துக்கு அது திருமணிமுத்தாற்றங்கரை உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. நாமக்கல்லுக்கும் ஒன்று உண்டு. ஒரு முதல்வர், முதுநிலை விரிவுரையாளர்கள், விரிவுரையாளர்கள், ஏழு பிரிவுகள் என்று காகிதத்தில் அழகான அமைப்பு. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது நம் நிலப்பரப்புக்குப் போதுமா? சேலத்தில் 20 ஒன்றியங்கள். 1997 ஜனவரி முதல் தேதி பிரிந்த நாமக்கல்லில் 15. தலைவாசலில் இருக்கும் ஆசிரியருக்கு உத்தமசோழபுரம் ஒரு நாள் பயணம்.

நான் 1995இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அறிவியல் கருவிகள் கொண்ட ஒரு பெட்டி. கரும்பலகைத் திட்டத்தின் அளவுக்கணக்கு அதுதான் என்பது பெரியவனான பிறகு தெரிந்தது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. திறந்து காட்ட யாரும் வரவில்லை. பொருள் வந்து சேர்வதும் அதைப் பயன்படுத்தத் தெரிவதும் வேறு வேறு என்று எனக்குத் தொழிலுக்கு வந்தபிறகு புரிந்ததை, அந்தப் பூட்டு அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து மாவட்டத்தில் அப்போது வேறு காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1994-95இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. அது 1965 வரை நம் சேலத்தோடு இருந்த மண். பெண் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று வந்த திட்டமாகையால் சேலத்துக்குக் கிடைக்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு வள மையம், அதற்குக் கீழே சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம் என்ற அமைப்பு அங்கேதான் முதலில் வேர்விட்டது. 2001க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது அது நம் ஒன்றியங்களுக்கும் வந்தது.

அந்த இயக்கத்தின் விதிமுறையில் சில எண்கள் இருந்தன. எனக்கு எண்கள் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 100 பள்ளிக்கு மேல் உள்ள ஒன்றியத்துக்கு 20 பேர் வரை, சிறிய ஒன்றியத்துக்கு 10 பேர். வள மையக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 6 லட்சம் ரூபாய். தளவாடத்துக்கு ஒரு லட்சம். கூட்டம், பயணப்படி எல்லாம் சேர்த்து ஒரு வள மையத்துக்கு மாதம் 500 ரூபாய்! ஆளுக்கு அல்ல, மையத்துக்கு. பள்ளி பள்ளியாகப் போவதுதான் வேலை என்று நியமித்தவர்களுக்குப் போக்குவரத்துக்கு ஒதுக்கியது இது. திட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வெண்ணந்தூரிலிருந்து கிளை ரோட்டில் மொபெட் ஓட்டிப் பார்த்தவர்கள் அல்ல.

இந்த மையங்களில் பணிபுரிபவர்களுக்கு ஆசிரியர் பயிற்றுநர் என்று பெயர். மேலே ஒரு மேற்பார்வையாளர். பி.எட். முடித்த பட்டதாரிகள், ஆசிரியர் தேர்வு வாரியம் மூலமாகவும் வந்தார்கள். என் சித்தி அப்படி வந்தவர்தான். இயற்பியல் படித்தவர். நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தில் சுமார் இருபது பள்ளிகள் அவர் பொறுப்பு. எனக்கு அந்தச் சமயம் நம் கல்லூரியில் விடுதி வாசம். லீவுக்குப் போனால் சித்தி வீட்டுத் திண்ணையில் அட்டை வெட்டிக்கொண்டிருப்பார்; நானும் உட்கார்ந்து வெட்டுவேன்.

அது செயல்வழிக் கற்றல் வந்த காலம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆந்திராவில் ரிஷி வேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார். பிறகு அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08இல் தமிழகத்தின் எல்லா ஆரம்பப் பள்ளிகளுக்கும் அது போனது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையில் தான் எங்கே நிற்கிறோம் என்று தானே பார்த்து, அட்டை எடுத்துப் படிக்கும். எழுதப் பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. செய்த வேலையைத் தொங்கவிடத் தலைக்கு மேலே பந்தல் கம்பி. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார வேண்டும். பலருக்கு இது பிடிக்கவில்லை. முப்பது வருட சர்வீஸ் உள்ள தலைமையாசிரியரிடம் போய் "ஐயா, தரையில உட்காருங்க" என்று சொல்ல வேண்டியது யார்? இருபத்தெட்டு வயதுப் பயிற்றுநர்தான்.

"சொன்னா கேக்க மாட்டாங்க. நானே மொதல்ல உக்காந்துக்குவேன்" என்பார் சித்தி. அதுதான் அவர் முறை. ஒரு பள்ளிக்குப் போனால் ஒரு குழுவை எடுத்துக்கொண்டு மதியம் வரை தானே நடத்துவார். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பார், மூன்றாம் தடவை அவரும் உட்கார்ந்துவிடுவார். இந்த முறையில் குறைகள் உண்டு. அட்டை தேய்ந்துபோனால் மாற்று அட்டை சீக்கிரம் வராது. நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் சமாளிப்பது கஷ்டம். ஆனால் நூறு வருடமாக வெளியிலிருந்து வந்தவர்கள் நின்றுகொண்டே கேள்வி கேட்ட வகுப்பறையில், வந்தவர் உட்கார்ந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

சித்தியிடம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருந்தது. எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. எந்த ஊரில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். எந்தப் பையனை விசைத்தறிக்கு இழை போட அனுப்பிவிட்டார்கள். எந்த ஆசிரியை நன்றாகக் கதை சொல்வார், அவரை அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பேச வைக்கலாம் என்று எல்லாம் அதில். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு கோடையில் வரும்போது மற்றவர்கள் வீடு வீடாகத் தேடுவார்கள். இவர் நேராகக் குறிப்பிட்ட வீட்டு வாசலுக்குப் போவார்.

இங்கேதான் ஊழியர் செய்திக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்றுநர்களை ஆண்டுக்கு 500 பேராகப் பள்ளிகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களாக அனுப்புவது என்ற ஏற்பாடு உண்டு. அவர்கள் நிலையில் பார்த்தால் அது நியாயமான கோரிக்கை. பதவி உயர்வு வழி பள்ளியில்தான் இருக்கிறது. வள மையத்தில் இல்லை. சித்தியும் 2014இல் சேலம் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நோட்டை அடுத்து வந்தவரிடம் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஏற்கெனவே இருந்த பள்ளிகளோடு இந்த இருபதும் சேர்ந்தன. அதே காலத்தில் கல்வி மேலாண்மைத் தகவல் முறை என்று கம்ப்யூட்டர் பதிவு வேறு வந்திருந்தது. பள்ளிக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. விவரம் பதிவேற்றியாச்சா என்று கேட்கவே நேரம் சரி.

என் தொழிலில் இயந்திரத்தை நிறுவுகிறவர்களை 'புராஜெக்ட்' ஆட்கள் என்போம். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓட்டிப் பராமரிக்கிறவர்கள் நிரந்தரம். கல்வியில் இது தலைகீழ். குறை பார்க்கிறவருக்கு நிரந்தரத் துறை. உதவுகிறவர் எப்போதும் ஒரு 'திட்டத்தின்' ஆள். திட்டத்துக்கு ஆரம்பத் தேதி உண்டு, பெயர் மாற்றமும் உண்டு. 1994இல் ஒரு பெயர், 2001இல் ஒரு பெயர், 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று இன்னொரு பெயர். பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் லாபம்.

வள மையத்தில் பயிற்றுநர்கள் மட்டும் இல்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர்கள் இவர்கள். கணக்காளர், கணினி விவரப் பதிவாளர் உண்டு. திட்டத்தின் கீழேதான் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியக்காரர்கள். சேலம் ஐந்து ரோட்டில் வாடகைக்கு இருக்கிற ஒருவருக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதன் விளைவு 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத விவகாரத்தில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் பங்கு வரவில்லை. அந்த ஆண்டுக்கு 2,152 கோடி ரூபாய் என்பது மாநில அரசு சொன்ன கணக்கு. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்று இந்த மலரில் வாதாட நான் வரவில்லை. நம் சங்கத்தில் இரண்டு பக்கத்தாரும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: 2024 செப்டம்பர் சம்பளம் தாமதமானபோது, ஒன்றியத்தில் ஆய்வு செய்யும் வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தேதி தவறாமல் வந்தது. அதே ஒன்றியத்தில், நடக்க முடியாத பிள்ளையின் காலைப் பிடித்து நீவிவிடும் பெண்ணுக்கு வரவில்லை. டில்லிக்கும் சென்னைக்கும் தகராறு என்றால் முதலில் ஆடுவது அவர் வீட்டு அடுப்பு.

இத்தனைக்கும் வேலை நிற்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் தெருவில் நின்று பார்க்கவும் வேண்டியிருந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. பருவத்துக்குப் பருவம் பயிற்சி, புதிய கையேடு. எல்லாம் இந்த மையங்கள் வழியாகத்தான். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பெரிய தனியார் பள்ளி வேன்கள் விடியற்காலையில் ஓடுகிற அதே ரோட்டில், இவர்கள் பையில் கையேட்டோடு டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

சங்கத்துக்கு என் யோசனை சுருக்கமானது. பள்ளிக்கு டி.வி. வாங்கித் தருவதற்கு முன்னால் அந்த ஒன்றியத்து வள மையத்தில் அரைநாள் உட்காருங்கள். பெரும்பாலும் அது ஏதாவது ஓர் ஒன்றியப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும்; வழி கேட்டால் பிள்ளைகளே காட்டுவார்கள். எந்தப் பள்ளிக்கு டி.வி. வேண்டாம், கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தால் போதும் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியும். சிறப்புப் பயிற்றுநர்களையும் கேளுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சின்னச் சாமானாக இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சித்தியின் நோட்டு இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று கை மாறிவிட்டது. அதில் இருந்ததைப் பள்ளிவாரியாக, ஆள் மாறினாலும் தொலையாதபடி வைத்துக்கொள்ள ஓர் எளிய செயலி, இணையம் இல்லாத கிராமத்திலும் செல்போனில் ஓடும்படி, இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யலாம். பிள்ளைகளின் விவரம் வெளியே போகாமல் பூட்டும் சரியாக இருக்க வேண்டும். கணினித் துறைத் தம்பிகள் இரண்டு பேர் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார்கள். அவர்களை முதலில் பயிற்றுநர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.